மினி தானுந்தின் தெர்மோஸ்டாட்

மினி தானுந்தின் தெர்மோஸ்டாட் என்பது, பொறியில் சூடான நீர் ரேடியேட்டருக்குச் செல்வதைக் கட்டுப்படுத்தும் வால்வு ஆகும். 1959 முதல் 2000 வரை உற்பத்தியான இப்பிரித்தானியத் தானுந்தில் இது சிலிண்டர் தலையின் ஒரு முனையில், உலோக மூடியொன்றின் கீழ் அமைந்துள்ளது.

இதிலுள்ள சிறு குப்பியில் மெழுகு அடைக்கப்பட்டிருக்கும். மெழுகு உருகி விரியும்போது சுருள்வில்லை மீறி வால்வு திறக்கிறது. திறக்கும் வெப்பநிலை (74, 82 அல்லது 88 °செ) தெர்மோஸ்டாட்டின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

வால்வு மூடியபடி சிக்கினால் பொறி மிகையாகச் சூடேறி, சிலிண்டர் தலை வளையக்கூடும். திறந்தபடி சிக்கினால் பொறி உரிய சூட்டை அடையத் தாமதமாகும், எரிபொருள் வீணாகும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுவோரும் உளர். அதனாலும் இதே தீங்குதான் விளையும். சூடேறுவதன் உண்மைக் காரணமும் மறைந்துவிடும்.

மாற்றும்முன் பொறி முழுதும் ஆறியிருத்தல் வேண்டும்; சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிட்டுச் சுடும். நீரை ஓரளவு வடித்தபின் மூன்று நட்டுகளைக் கழற்ற வேண்டும். வேலையின் கடினமான பகுதி இதுவே. எஃகுத் திருகாணிகள் அலுமினிய மூடியுடன் துருவால் இறுகிவிடுகின்றன. வலிந்து திருப்பினால் தலையிலேயே முறிந்துவிடும். துரு நீக்கும் எண்ணெயிட்டு, பல மணிநேரம் ஊறவிட்டு, மூடியை மெல்லத் தட்டித் தளர்த்துவதே வழக்கம்.

புதியதைப் பொருத்துகையில் மெழுகுக் குப்பி பொறியை நோக்கியிருக்க வேண்டும். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டிப் புதியது இடப்படும். பின்னர் குளிர்விப்பு நீர் நிரப்பி, காற்றுக்குமிழிகள் வெளியேறும்வரை பொறி இயக்கப்படும்.

கழற்றிய தெர்மோஸ்டாட்டை நீரிலிட்டுச் சூடாக்கினால், அது எவ்வெப்பநிலையில் திறக்கிறது என்பதை வெப்பமானியால் அறியலாம்.