கொக்காவில் கோபுரமும் 'இலவச' தொலைக்காட்சியும்

ஏ9 வீதியால கிளிநொச்சிக்குப் போறவை மாங்குளம் தாண்டினதும் காட்டுக்கு மேலால எழும்பி நிக்கிற கோபுரத்தைக் கண்டிருப்பியள். 174 மீற்றர் உயரம். முறிகண்டியில் இறங்கிக் கும்பிட்டு, கச்சான் வாங்குற அவசரத்தில் அதை ஆரும் பெரிசாக் கவனிக்கிறேல்லை. ஆனால் இலங்கைத் தொலைக்காட்சியின் வரலாற்றை வன்னியில் நின்று வாசிக்க வேணுமெண்டால், அந்தக் கொக்காவிலில் இருந்துதான் தொடங்க வேணும்.

ஏன் இப்ப இந்தக் கதை? நாடு முழுக்க அனலொக் ஒளிபரப்பை நிறுத்தி, டிஜிற்றல் தரைவழி ஒளிபரப்புக்கு மாறுற திட்டம் திரும்பவும் பேச்சுக்கு வந்திருக்கு. ஜப்பானின் ஐ.எஸ்.டி.பி-ரி முறையில் இதைச் செய்ய 2014இல் முடிவெடுத்தார்கள். அந்த வருசம் செப்ரெம்பரில் ஜப்பானியப் பிரதமர் ஷின்சோ அபே கொழும்புக்கு வந்தபோது, ஏறத்தாழ 1,370 கோடி யென் கடனுக்கும் இணக்கம் வந்தது. பிறகு வேலை இழுபட்டு, கடன் நெருக்கடியோடு நின்றே போனது. 2024இல் ஜப்பான் திரும்பத் தொடங்க ஒத்துக்கொண்ட திட்டங்களில் இதுவும் ஒன்று. மாதக் கட்டணம் இல்லை, அன்ரனா போதும், படம் தெளிவு, சனல்கள் கூட. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் 'இலவச ஒளிபரப்பு' எண்ட சொல்லை வன்னி முதல்தரம் கேக்கேல்லை.

இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஏப்ரலில், கொழும்பை அண்டின பகுதிக்கு மட்டும் ஐ.ரி.என். ஆகத் தொடங்கியது. நாடு முழுதுக்குமான ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் வந்தது. அதையும் ஜப்பான்தான் கட்டித் தந்தது. அப்ப நன்கொடை, இப்ப கடன். பிதுருதலாகல மலையில் இருந்து வரும் அலையை வடக்குக்குக் கடத்த கொக்காவிலில் ஓர் அஞ்சல் நிலையம் அமைந்தது. கோபுரம் எங்கட மண்ணில் நிண்டது. அதில் வந்த நிகழ்ச்சிகளில் தமிழுக்குக் கிடைத்த நேரமோ கொஞ்சம்.

போர் வந்ததும் கோபுரத்தைக் காக்க இராணுவ முகாம் வந்தது. 1990 ஜூலை 11இல் அந்த முகாம் புலிகளிடம் வீழ்ந்தது. கோபுரமும் அழிந்தது. அதுக்குப் பிறகு 21 வருசம் கொக்காவிலில் கோபுரம் இல்லை.

அந்த 21 வருசமும் வன்னிச் சனம் தொலைக்காட்சியே பாக்கேல்லையா? பாத்தது, வேற மாதிரி. மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றறியும் தடை, எரிபொருளும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுத்தி வானொலி கேட்ட கதை எல்லா வீட்டிலயும் இருக்கு. கொண்டாட்டம் எண்டால் ஜெனரேற்றரும் ரீவியும் 'டெக்'கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போடுவினம். ஊரே ஒரு முற்றத்தில் இருக்கும். புலிகளின் நிதர்சனம் பிரிவு 'ஒளிவீச்சு' எண்ட வீடியோ சஞ்சிகையை வெளியிட்டது. 'புலிகளின் குரல்' வானொலி 1990 நவம்பர் 21இல் தொடங்கியிருந்தது.

2005இல் தமிழீழத் தேசியத் தொலைக்காட்சி செய்மதி வழியாக வந்தது. அதுக்குப் பயன்பட்டது இன்ரெல்சற்-12 செய்மதி. அனுமதி வாங்காமல் அதன் அலைவரிசையைப் பயன்படுத்துகிறார்கள் எண்ட முறைப்பாட்டுக்குப் பிறகு, 2007 ஏப்ரலில் இன்ரெல்சற் நிறுவனம் அதை நிறுத்தியது. அதே வருசம் நவம்பர் 27இல் கிளிநொச்சியில் புலிகளின் குரல் நிலையத்தில் விமானக் குண்டு விழுந்தது. அங்க வேலை செய்தவர்களும் கொல்லப்பட்டார்கள்.

இதில ஒரு விசயத்தை நாங்கள் நேர்மையாச் சொல்ல வேணும். ரூபவாஹினி அரசின் குரல். மற்றது இயக்கத்தின் குரல். இரண்டிலும் வன்னிச் சனம் படமாக வந்தது. ஆனால் தன்ர சந்தேகத்தை, கோபத்தை, மறுப்பைச் சொல்லிற இடம் அதுக்கு இரண்டிலும் கிடைக்கேல்லை. 2009 மேயில் நாட்டின் தொலைக்காட்சிகள் வெற்றியைக் கொண்டாடின. ஐ.ரி.என்.இன் தமிழ் சனலான வசந்தம் தொடங்கினது அதுக்கு அடுத்த மாதம், ஜூனில். அந்த நேரம் வன்னியில் இருந்து வந்த இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட சனம் மெனிக் பாமிலும் மற்ற முகாம்களிலும் அடைபட்டுக் கிடந்தது. அரசின் புதுத் தமிழ் சனல் பிறக்கேக்க, அதைப் பாக்க வன்னியில் வீடும் இல்லை, ஆக்களும் இல்லை.

2011 ஜூனில் புதுக் கோபுரம் திறந்தார்கள். இலவச அலை திரும்ப வந்தது. ஆனால் அதுக்குள்ள சனம் வேற பக்கம் போயிட்டுது. வீட்டுத்திட்ட வீடுகளைப் பாருங்கோ: பூச்சுப் பூசாத சுவருக்கு மேல டிஷ் இருக்கும். மாதம் மாதம் காசு போட்டு இந்தியச் சனல்கள் பாக்கினம். இலவசமா வாறதில் தங்கட கதை இல்லாததால் காசு குடுத்து இன்னொரு நாட்டின் நாடகம் பாக்கினம்.

டிஜிற்றல் இதை மாத்துமா? தொழில்நுட்பத்தால் முடியும். அனலொக்கில் ஒரு அலைவரிசையில் ஒரு சனல்தான் போகும். டிஜிற்றலில் அதே இடத்தில் பல சனல்கள் போகும். 'இடமில்லை' எண்டு தமிழுக்கு நேரம் குறைக்கிற சாட்டு இனிச் செல்லாது. ஐ.எஸ்.டி.பி-ரியில் இன்னொரு வசதியும் இருக்கு: அதுக்கு ஏற்ற பெட்டிகளை, அனர்த்த எச்சரிக்கை வரேக்க தானாகவே விழித்தெழச் செய்யலாம். 2004 டிசம்பர் 26 முல்லைத்தீவு கண்டதும், 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு வெள்ளத்தில் மூழ்கினதும் தெரிஞ்ச ஆக்களுக்கு இது சின்ன விசயம் இல்லை. அந்த எச்சரிக்கை எந்த மொழியில் வரும் எண்டதும் சின்ன விசயம் இல்லை.

ஜப்பானின் அனுபவம் ஒண்டையும் பாக்க வேணும். அங்க 2011 ஜூலை 24இல் அனலொக்கை நிறுத்தினார்கள். ஆனால் அந்த மார்ச்சில் சுனாமியும் நிலநடுக்கமும் தாக்கின இவாதே, மியாகி, புக்குஷிமா மாகாணங்களுக்கு மட்டும் 2012 மார்ச் வரை அவகாசம் குடுத்தார்கள். அடிபட்ட இடத்துக்கு ஒரே நாள், ஒரே விதி பொருந்தாது எண்டது அவர்களுக்கு விளங்கியிருந்தது. வன்னியிலும் பழைய ரீவி வைத்திருக்கிற வீட்டுக்குப் புதுப் பெட்டி ஆர் வாங்கிக் குடுக்கிறது எண்ட கேள்விக்குப் பதில் வராமல் அனலொக்கை நிறுத்தக் கூடாது.

தொழில்நுட்பம், கடன், கோபுரம் எல்லாத்தையும் கொழும்பும் டோக்கியோவும் பேசும். நாங்கள் பேச வேண்டியது ஒண்டு: வரப்போற சனல்களில் ஒண்டாவது கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருந்து, இங்க இருக்கிற ஆக்கள் தயாரிக்கிற சனலா இருக்குமா? கடலுக்குப் போறவை, காணி கேட்டு வீதியில் இருக்கிறவை, காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாக்கள் அதில் தங்கட குரலில் பேசலாமா? ஒழுங்குவிதிகளும் அனுமதிப் பத்திரங்களும் முடிவாக முதல் கேக்க வேண்டிய கேள்வி இது. முடிஞ்ச பிறகு கேட்டால், திரும்பவும் எங்கட காணியில் கோபுரம் மட்டும்தான் மிஞ்சும்.