கோப்பு மேலே, பொறுப்பு கீழே: அமெரிக்கச் சாரணர் இயக்கத்தின் திவாலும் தன்னார்வப் பொறுப்பாளர்களும்

2020 பிப்ரவரி 18 அன்று பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா, டெலாவேர் மாநிலத்தின் வில்மிங்டன் நகரிலுள்ள திவால் நீதிமன்றத்தில் அமெரிக்கத் திவால் சட்டத்தின் அத்தியாயம் 11-இன் கீழ் பாதுகாப்புக் கோரி மனுச் செய்தது. சிறுவயதில் இயக்கத்துக்குள் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் இழப்பீடு கேட்க அதே ஆண்டு நவம்பர் 16 கடைசி நாள். அன்றைக்குள் 82,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்திருந்தனர். 2022 செப்டம்பரில் நீதிபதி லாரி செல்பர் சில்வர்ஸ்டீன் சுமார் 246 கோடி டாலர் மதிப்புள்ள தீர்வுத் திட்டத்தை ஏற்றார். அது 2023 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்தது. தொகையைத் தலைக்குப் பங்கிட்டால், செலவுகளைக் கழிக்குமுன்பே, ஏறத்தாழ 30,000 டாலர்தான் தேறும். உள்ளபடி அது சமமாகப் பங்கிடப்படுவதும் இல்லை. கொடுமையின் தன்மையைப் பொறுத்து 3,500 டாலர் விரைவுத் தொகையிலிருந்து 27 லட்சம் டாலர் உச்சவரம்பு வரை படிநிலைகள் வகுக்கப்பட்டன.

இவ்வழக்கைப் பற்றிச் சட்டத்துறையினர் எழுதியவற்றில் பெரும்பகுதி ஒரே கேள்வியைச் சுற்றியது: திவால் மனுச் செய்யாத மூன்றாம் தரப்பினருக்கும் பொறுப்பிலிருந்து விடுதலை தர நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா? முக்கியமான கேள்விதான். ஆனால் இத்தீர்வில் கையெழுத்திடாத, வாக்களிக்காத, எனினும் அதன் விளைவுகளை வாரந்தோறும் சுமக்கும் ஒரு கூட்டம் அந்த விவாதத்தில் தென்படுவதே இல்லை. சம்பளமில்லாமல் சாரணப் படைகளை நடத்தும் தன்னார்வப் பொறுப்பாளர்கள் அவர்கள். சிறார் பாதுகாப்பு விதிகள் தங்களைச் சந்தேகத்துக்குரியவர்களாக்கிவிட்டன என்பது அவர்களிடையே பரவலாக உள்ள மனக்குறை. அக்குறை தவறான இடத்தைச் சுட்டுகிறது என்பது என் வாதம். விதிகள் கடுமையாக இருப்பதில் பிழையில்லை. ஒரு நூற்றாண்டாகத் தகவல் மேலே குவிந்திருக்க, பொறுப்பு மட்டும் கீழே இறக்கப்பட்டதே பிழை. சீர்திருத்தம் இந்த ஏற்பாட்டைத் தொட்டதாகத் தெரியவில்லை.

ஏற்பாட்டைச் சற்று விளக்க வேண்டும். தமிழ்நாட்டில் சாரணர் இயக்கம் பெரும்பாலும் பள்ளிக்குள் நடப்பது. பொறுப்பேற்பவர் அப்பள்ளி ஆசிரியர். அவருக்கு மேல் தலைமையாசிரியர் இருக்கிறார். அமெரிக்காவில் அப்படியில்லை. டெக்சஸின் இர்விங் நகரில் தேசியத் தலைமையகம்; அதன்கீழ் திவால் காலத்தில் ஏறத்தாழ 250 வட்டாரக் கவுன்சில்கள், ஒவ்வொன்றும் சட்டப்படி தனி அமைப்பு. இவற்றுக்கும் கீழே தேவாலயங்கள், பெற்றோர் சங்கங்கள், ரோட்டரி போன்ற சேவைக் கழகங்கள். இந்தப் புரவலர் அமைப்புகளே ஒவ்வொரு படைக்கும் உரிமையாளர்கள். படையின் பொறுப்பாளரான ஸ்கவுட்மாஸ்டரைத் தேர்ந்து ஒப்புதல் தருவதும் அவர்களே. நடைமுறையில் தேர்வு என்பது, போன ஆண்டு வரை படையை நடத்தியவர் விலகும்போது பெற்றோர் கூட்டத்தில் யார் கையை உயர்த்துகிறாரோ அவரிடம் பொறுப்பைத் தருவதுதான். பாதிரியார் படிவத்தில் கையெழுத்திடுவார். மூன்று அடுக்குகளும் தத்தம் பங்கைச் செய்ததாகக் காகிதத்தில் இருக்கும். வழக்கு வந்தபோது மூன்றுமே, தேர்ந்தது அடுத்த அடுக்குதான் என்று கைகாட்ட அது வழிவிட்டது.

இனி, மேலே குவிந்த தகவலுக்கு வருவோம். தலைமையகம் 1920-கள் முதலே தகுதியற்ற தன்னார்வலர்களின் கோப்புகளைப் பராமரித்து வந்தது. அப்படியொரு பட்டியல் இருப்பது இரகசியமன்று. 1935-லேயே நியூயார்க் டைம்ஸ் அதைப் பற்றி எழுதியது. உள்ளே இருந்தவைதான் இரகசியம். 2010-இல் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் ஒரு நடுவர் குழு, பாதிக்கப்பட்ட ஒருவருக்கு இயக்கம் 1.85 கோடி டாலர் தண்ட இழப்பீடு தர வேண்டும் என்றது. அவ்வழக்கில் சான்றாக வைக்கப்பட்ட கோப்புகள் 2012 அக்டோபரில் அம்மாநில உச்ச நீதிமன்ற ஆணைப்படி வெளியாயின: 1,200-க்கும் மேற்பட்ட கோப்புகள், பெரும்பாலும் 1965-க்கும் 1985-க்கும் இடைப்பட்டவை. லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் தனியாக 1970 முதல் 1991 வரையிலான சுமார் 1,600 கோப்புகளை ஆராய்ந்தது. சிறுவர், பெற்றோர், ஊழியர் வழியாக இயக்கமே முதலில் அறியவந்த நிகழ்வுகள் 500-க்கு மேல். அவற்றில் ஏறத்தாழ 80 விழுக்காட்டில் காவல்துறைக்குத் தெரிவித்ததற்கான பதிவே இல்லை. சந்தடியின்றி விலகிக்கொள்ளும்படி குற்றம் புரிந்தவர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். 2019-இல் வெளிவந்த நீதிமன்றச் சாட்சியம் ஒன்றின்படி, 1944 முதல் 2016 வரையிலான கோப்புகளில் 7,819 பேர் குற்றம் புரிந்தோராகவும் 12,254 பேர் பாதிக்கப்பட்டோராகவும் அடையாளம் காணப்பட்டனர்.

இந்த எண்களை ஒரு படையை நிர்வகிக்கும் படைக்குழுவின் இடத்தில் நின்று படிக்க வேண்டும். புதிதாக ஊருக்கு வந்தவர், முன்பு வேறு மாநிலத்தில் சாரணப் பொறுப்பில் இருந்ததாகச் சொல்லி உதவ முன்வருகிறார். குழுவுக்கு ஆள் தட்டுப்பாடு. அவர் கூடாரம் அடிப்பதிலும் முடிச்சுப் போடுவதிலும் தேர்ந்தவர், பையன்களுக்கும் அவரைப் பிடித்துப்போகிறது. அவர் முந்தைய ஊரிலிருந்து ஏன் விலகினார் என்பது எங்கோ ஒரு பெட்டியில் எழுதி வைக்கப்பட்டிருக்கலாம். பெட்டியின் சாவி உள்ளவர்களுக்கு அந்தக் குழுவின் பெயர்கூடத் தெரியாது. குழுவுக்கோ பெட்டிக்குள் இருப்பது தெரியாது. பட்டியல் பலரைத் தடுத்தது என்று இயக்கம் வாதிட்டது, உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் தடுக்கத் தவறிய ஒவ்வொரு நிகழ்விலும் முதலில் ஏமாற்றப்பட்டவர்கள் அருகிலிருந்த பொறுப்பாளர்களும் பெற்றோரும்தான். இயக்கத்தின் பன்னிரண்டு விதிகளில் முதலாவது நம்பகத்தன்மை என்பதை இங்கே கசப்போடுதான் நினைக்க முடிகிறது.

இடையில் இயக்கம் பாதுகாப்பை வேறொரு வழியிலும் தேடியது. அதைச் சொல்லாமல் இவ்வரலாறு முழுமையாகாது. நியூஜெர்சியில் உதவி ஸ்கவுட்மாஸ்டராக இருந்த ஜேம்ஸ் டேல் தன்பால் ஈர்ப்பாளர் என்பதால் நீக்கப்பட்டார். 2000-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அப்படி நீக்கும் உரிமை இயக்கத்துக்கு உண்டு என்றது. தன்பால் ஈர்ப்பாளர்களான பெரியவர்கள் மீதான தடை 2015 வரை நீடித்தது. தீர்ப்பு கருத்துரிமையின் பெயரால் வந்தது. ஆனால் தடைக்கு ஆதரவாகப் பொதுவெளியில் ஓயாது கேட்ட வாதம் சிறுவர் பாதுகாப்பு. ஆளைப் பார்த்து ஆபத்தை அறியலாம் என்ற நினைப்பு அது. கோப்புகளில் கண்டவர்களோ ஊரில் மதிக்கப்பட்ட ஆசிரியர்கள், மருத்துவர்கள், காவலர்கள், மதகுருக்கள்.

1980-களின் இறுதியிலிருந்து வந்த சீர்திருத்தங்களின் சிறப்பே அவை ஆளை விட்டுச் சூழலைப் பார்த்ததுதான். 2003-இல் புதிய தன்னார்வலர்களுக்கும் 2008-இல் எல்லோருக்கும் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு. 2010-இல் கட்டாயப் பயிற்சி. 2018 அக்டோபர் முதல் எல்லா நிகழ்வுகளிலும் 21 வயது நிரம்பிய, பதிவு பெற்ற இரு பெரியவர்கள். 2023 செப்டம்பர் முதல் முகாமில் இரவு தங்கும் பெரியவர் எவரும் பதிவு பெற்றிருக்க வேண்டும், மழலைச் சாரணரின் பெற்றோருக்கு மட்டும் சிறு விலக்கு. பெரியவரும் சிறுவரும் தனித்திருக்கக் கூடாது என்பது கைப்பேசிக் குறுஞ்செய்திக்கும் பொருந்தும். முகாமுக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்று ஒரு பையன் கேட்டால், பதிலில் அவன் பெற்றோரையோ இன்னொரு பொறுப்பாளரையோ சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும். ஒரே கூடாரத்தில் தூங்கும் சிறுவர்களின் வயது இடைவெளி இரண்டாண்டைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு நிலை உயரும்போதும் சாரணன் ஸ்கவுட்மாஸ்டரோடு நடத்தும் உரையாடல், பிறர் கண்ணில் படும் இடத்தில், மண்டபத்தின் ஒரு மூலை மேசையில் நடக்கிறது. பேச்சு அடுத்தவர் காதில் விழ வேண்டியதில்லை, பார்வையில் பட்டால் போதும்.

இந்த உரையாடல் ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். பதினான்கு வயதுப் பையன் வீட்டில் சொல்லாததை ஒரு மூத்தவரிடம் சொல்ல இடமிருக்கிறது. அதே வேளையில் அந்த இடம் மறைவானதாக இல்லை. நல்லவருக்கும் கெட்டவருக்கும் ஒரே விதி என்பதால் யாரையும் இழிவு செய்யவுமில்லை. 'இருபது வருடமாகப் பிள்ளைகளோடு இருக்கிறேன், என்னையா சந்தேகப்படுவது' என்று மனம் நோகும் பொறுப்பாளருக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: உங்கள் நற்பெயரைச் சான்றாக ஏற்கும் முறையில்தான் மற்றவனின் நற்பெயரும் சான்றாக ஏற்கப்பட்டது.

எனினும் விதிக்கு விலை உண்டு. சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலின் கல்விமுறைக்கு ஆதாரம் அணி. ஆறேழு சிறுவர்கள், அவர்களுக்குள்ளேயே ஒரு தலைவன், பெரியவர் விலகி நிற்பார். ஒரு காலத்தில் அணி தானாகவே கூடியது, பகல் நடைப்பயணம் போனது. 2018 விதிக்குப் பின் அணிக் கூட்டத்துக்கும் இரு பெரியவர்கள் வேண்டும். பெரியவர் உடனிருந்தும் தலையிடாமல் இருப்பது எளிதில் கைவராத கலை. சோறு கருகும்போதும் பேசாமல் இருக்க வேண்டும். அந்தக் கலைக்குப் பயிற்சி தர வேண்டிய நேரத்தில், ஆள் எண்ணிக்கையைச் சரிபார்ப்பதிலேயே பொறுப்பாளரின் ஆற்றல் போகிறது. இரண்டாவது பெரியவருக்குக் காய்ச்சல் என்றால் முகாமே ரத்து. வார இறுதிக்குத் துணைக்கு வந்துகொண்டிருந்த தந்தை இப்போது பதிவுக் கட்டணம் கட்டி, சரிபார்ப்புக்கு ஒப்புதல் தந்து, பயிற்சி முடித்தே வர முடியும். வரவேண்டியதுதான், ஆனால் கட்டணத்தை ஏன் அவர் கட்ட வேண்டும்? மனுவுக்கு முந்தைய மாதமே சிறுவருக்கான தேசிய ஆண்டுச் சந்தா 33 டாலரிலிருந்து 60 டாலராக உயர்ந்திருந்தது; பின்னர் 85 வரை ஏறியது. பாதுகாப்பின் செலவு குடும்பங்களின் பையிலிருந்து வருகிறது.

திவாலின் செலவு அவர்கள் நினைவுகளிலிருந்தும் வந்தது. தீர்வுத் தொகையில் ஹார்ட்ஃபோர்டு காப்பீட்டு நிறுவனம் 78.7 கோடியும், செஞ்சுரி 80 கோடியும் தர ஒப்பின. நார்மன் ராக்வெல் ஓவியங்கள் உள்ளிட்ட கலைச் சேகரிப்பை இயக்கம் ஒப்படைத்தது. மனுச் செய்யாத வட்டாரக் கவுன்சில்கள், வழக்குகளிலிருந்து கிடைக்கும் பாதுகாப்புக்குக் கைமாறாக ரொக்கமும் நிலமுமாக 50 கோடி டாலருக்கு மேல் தர வேண்டியதாயிற்று. பல கவுன்சில்கள் முகாம் நிலங்களை விற்றன. கனெக்டிகட்டின் கில்லிங்வொர்த் ஊரில் டியர் லேக் முகாம் விலைக்கு வந்தபோது, அங்கே வளர்ந்தவர்களும் ஊராரும் ஓர் அமைப்பாகச் சேர்ந்து பணம் திரட்டி 2022-இல் அதை வாங்கினர். எல்லா இடங்களிலும் அப்படி நடக்கவில்லை. படித்துறையைத் தம் கையால் கட்டிய முதியவர்கள் விற்பனைச் செய்தியை அஞ்சலில் அறிந்திருக்கலாம்.

'நாங்கள் செய்யாத குற்றத்துக்கு நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும்?' இக்கேள்வியை உணர்ச்சி என்று ஒதுக்க முடியாது. அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் 1968-இல் கூட்டுப் பொறுப்புக்கு இரு நிபந்தனைகள் வகுத்தார்: நான் செய்யாததற்கு நான் பொறுப்பாக்கப்பட வேண்டும், அதற்குக் காரணம், என் விருப்பத்தால் துறக்க இயலாத ஒரு குழுவில் நான் உறுப்பினர் என்பதாக இருக்க வேண்டும். நாட்டுரிமை அப்படிப்பட்டது. சாரணப் பொறுப்போ நாளையே ராஜினாமா செய்யக்கூடியது. ஆக அரெண்டின் அளவுகோல்படி இவர்கள் பொறுப்பாளிகள் ஆகார். பலர் விலகவும் செய்தனர். மார்மன் திருச்சபை 2019 முடிவில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட சிறுவரோடு வெளியேறிய பின், பெருந்தொற்றும் திவாலும் சேர்ந்து 2021-இல் உறுப்பினர் எண்ணிக்கையை எட்டு லட்சத்துக்கும் கீழே தள்ளின. ஆனால் அரெண்டின் அளவுகோல் தங்கியவர்களை விளக்கவில்லை. விலகும் வழி திறந்திருந்தும் தங்கியவர், தம் சீருடை தரும் மதிப்பையும் முகாமின் இனிமையையும் ஏற்பதுபோல அதன் கடனையும் ஏற்கிறார். அது அவர்மேல் சுமத்தப்பட்டதன்று, எடுத்துக்கொண்டது. அப்படி எடுத்துக்கொள்பவருக்கு என்ன உரிமை திரும்பத் தரப்பட்டது என்று கேட்டால்தான் தீர்வுத் திட்டத்தின் குறை புலப்படும்.

அதில் பாதுகாப்புக்கென ஒரு தனிநிலை அதிகாரி, பாதிக்கப்பட்டோர் இடம்பெறும் குழு எனப் பயனுள்ளவை உள்ளன. பாதிக்கப்பட்டோரின் வழக்கறிஞர்கள் வற்புறுத்தியிராவிட்டால் அவையும் வந்திரா. படைக்குழுவுக்கு மட்டும் புதிதாக ஓர் உரிமையும் இல்லை. இந்நிலையில் புரவலர் அமைப்புகளும் பின்வாங்கின. மார்மன்கள் போனபின் மிகப்பெரிய புரவலராக நின்ற யுனைடெட் மெதடிஸ்ட் திருச்சபை, பழைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று தன் சபைகளுக்கு அறிவுறுத்தியது; சில சபைகள் கூட்ட அரங்கைப் பயன்படுத்த மட்டும் இடம்தந்து நின்றுகொண்டன. சட்ட நோக்கில் விவேகம்தான். ஆனால் ஸ்கவுட்மாஸ்டரைத் தேர்வதில் உள்ளூர் அமைப்பொன்றுக்கு இருந்த பெயரளவுப் பொறுப்பும் அத்துடன் கரைந்தது. 2024 ஜூனில் பர்டியூ ஃபார்மா என்ற மருந்து நிறுவனத்தின் திவால் வழக்கில், ஒப்புதலின்றி மூன்றாம் தரப்பினரை விடுவிப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாரணர் திட்டமோ ஏற்கெனவே நடைமுறைக்கு வந்துவிட்டதால் 2025 மே மாதம் மேல்முறையீட்டில் தப்பியது. தேவாலயங்களின் விடுதலை நியாயமா என்ற கேள்விக்கு அந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பில் விடையில்லை. காலம் கடந்துவிட்டது என்பதே விடை.

கோரிக்கைகளில் சுமார் 90 விழுக்காடு 30 ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வுகள் என்று மனுச் செய்தபோது இயக்கம் சொன்னது. விதிகள் பலன் தந்ததற்கு இதைச் சான்றாகப் பலரும் காட்டுகின்றனர். ஓரளவு ஏற்கலாம். ஆனால் சிறுவயதுக் கொடுமையை வாய்விட்டுச் சொல்லப் பலருக்குப் பத்தாண்டுகள் பலவாகின்றன. நேற்றைய முகாமின் உண்மை நிலை 2050 வாக்கில்தான் தெரியும். அதுவரை எண்ணிக்கையை நம்பியிராமல், ஒரு பொறுப்பாளர் நீக்கப்படும்போது அவர் பணிபுரிந்த எல்லாப் படைகளின் பெற்றோருக்கும் குறித்த நாட்களுக்குள் அறிவிப்பதைத் தலைமையகத்தின் கடமையாக்கலாம். அவதூறு வழக்கு வரும் என்ற அச்சத்தை எதிர்வாதமாகச் சொல்வார்கள். குற்றச்சாட்டின் நிலையை மட்டும், முடிவு கூறாமல், காவல்துறைக்குத் தெரிவித்த தேதியோடு எழுதுவதில் அந்த அச்சத்துக்கு அதிக இடமில்லை. 1985-க்குப் பிந்தைய கோப்புகளை இயக்கம் தானாக முன்வந்து முழுமையாக வெளியிட்டதில்லை. அக்கோப்புகளில் பெயர் உள்ளவர்களில் பலர் இன்னும் ஓய்வுபெறும் வயதைக்கூட எட்டியிருக்க மாட்டார்கள்.