டைட்டனின் புகைமூட்டத் துகள்கள்: ஒளிச்சிதறல் ஆய்வு வரலாறு

சனிக் கோளின் மிகப் பெரிய துணைக்கோள் டைட்டன். சூரியக் குடும்பத்துத் துணைக்கோள்களில் அடர்ந்த வளிமண்டலம் இதற்கு மட்டுமே உண்டு. வளிமண்டலத்தின் மேலடுக்குகளில் உள்ள நைட்ரஜனும் மீத்தேனும் புறஊதாக் கதிர்களால் சிதைந்து கரிமத் துகள்களாகின்றன. ஆரஞ்சு நிறப் புகைமூட்டமாகத் தெரிபவை இவையே.

தொடக்கம்: 1655இல் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் டைட்டனைக் கண்டுபிடித்தார். அங்கே மீத்தேன் இருப்பதை 1944இல் நிறமாலை வழியாக ஜெரார்டு கைப்பர் அறிவித்தார். 1973இல் ஜோசப் வெவெர்காவும் பென் செல்னரும் தனித்தனியே டைட்டன் ஒளியின் தளவிளைவை, அதாவது ஒளியலைகள் ஒரே தளத்தில் அதிரும் தன்மையை, அளந்தனர். அந்த ஒளி திடத்தரையிலிருந்து வருவதன்று, தடித்த வளிமண்டலத்தில் சிதறி வருவது என்பது அப்போது தெளிவாயிற்று.

முரண்பாடு: 1979இல் பயனியர் 11 விண்கலம் பக்கவாட்டில் சிதறிய ஒளியை அளந்தது. அதில் தளவிளைவு மிக வலுவாக இருந்தது. அப்படியானால் துகளின் ஆரம் 0.1 மைக்ரோமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டும். ஆனால் வாயேஜர் 2 விண்கலம், சூரியனுக்கு ஏறத்தாழ எதிர்ப்புறமிருந்து படமெடுத்தபோது டைட்டன் எதிர்வெயிலில் தெரியும் தூசுபோலப் பளிச்சிட்டது. இந்த முன்னோக்குச் சிதறலுக்கு 0.2 முதல் 0.5 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள துகள்கள் தேவை. உருண்டையான துகள் எதுவும் இவ்விரண்டு அளவீடுகளுக்கும் ஒருசேரப் பொருந்தவில்லை.

தீர்வு: நுண்மணிகள் பல ஒட்டி உருவான ஒழுங்கற்ற திரள்களே இவை என்று 1991இல் ராபர்ட் வெஸ்டும் பீட்டர் ஸ்மித்தும் விளக்கினர். தளவிளைவைத் தீர்மானிப்பது தனி மணியின் அளவு; முன்னோக்குச் சிதறலைத் தீர்மானிப்பது முழுத் திரளின் அளவு.

நேரடி ஆய்வு: 2005 ஜனவரி 14இல் ஹைகன்ஸ் ஆய்வுக்கலம் டைட்டனில் பாராசூட் வழியாக இரண்டரை மணி நேரம் இறங்கியது. மார்ட்டின் டொமாஸ்கோ தலைமையில் உருவான கருவி, சூரியனைச் சுற்றிய ஒளிவட்டத்தையும் தளவிளைவையும் வெவ்வேறு உயரங்களில் அளந்தது. மணியின் ஆரம் சுமார் 0.05 மைக்ரோமீட்டர் என்றும், ஒரு திரளில் சில ஆயிரம் மணிகள் உள்ளன என்றும் கணிக்கப்பட்டது. கீழே தெளிந்த காற்று இருக்கும் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, மூட்டம் தரைவரை நீடித்தது.

காசினி விண்கலம் 2017 வரை பருவ மாற்றங்களைப் பதிவு செய்தது. 2005இல் சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில் இருந்த தனி மூட்ட அடுக்கு, 2010இல் சுமார் 380 கிலோமீட்டருக்குத் தாழ்ந்திருந்தது.

ஒரே கோணத்தில் அளந்த ஒளி துகளின் அளவைத் தவறாகக் காட்டக்கூடும். பல கோணங்களில் அளந்த பிறகே அதன் உருவம் தெளிவாகும் என்பதை டைட்டன் ஆய்வு ஐயமற நிறுவியது.