கலச மகாலை மீட்ட அரசு பஞ்சமி நிலத்தை எப்போது மீட்கும்?

சென்னை சேப்பாக்கத்தில், கடற்கரைச் சாலையை ஒட்டி, சிவப்பு நிறத்தில் கம்பீரமாக நிற்கிறது கலச மகால். அதே வளாகத்து எழிலகத்தில்தான் நில நிர்வாக ஆணையர் அலுவலகம் இருக்கிறது. தாலுகா, ஆர்.டி.ஓ., கலெக்டர் ஆபீஸ் என்று அலைந்து ஓய்ந்த நம் தேனி மாவட்டத்து நில மனுக்கள் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் அது. அதனால் இந்தக் கட்டிடத்தின் வரலாறு நம்முடைய வரலாறும்தான்.

1768ல் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காகக் கட்டப்பட்ட சேப்பாக்கம் அரண்மனையின் பகுதிகளே கலச மகாலும் ஹுமாயூன் மகாலும். 1855ல் கடைசி நவாப் வாரிசு இல்லாமல் இறந்ததும் ஆங்கிலேய அரசு அரண்மனையை எடுத்துக்கொண்டது. அதன்பின் வருவாய் வாரியம் இங்கே வந்தது. அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த கம்பம் பள்ளத்தாக்கு உட்பட, மாகாணத்து நிலம் யாருக்கு, என்ன தீர்வைக்கு என்பதையெல்லாம் பார்த்தது இந்த வாரியம்தான்.

1891ல் செங்கல்பட்டு பொறுப்பு கலெக்டர் ட்ரெமென்ஹீர், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை அனுப்பினார். சேரி மக்கள் தரிசு நிலம் கேட்டு மனு போட்டால், மிராசுதார்கள் தங்கள் முன்னுரிமையைக் காட்டித் தடுக்கிறார்கள். குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை, எதிர்த்துப் பேசினால் வீடும் போகும் என்று அதில் எழுதினார். வருவாய் வாரியத்தின் பரிசீலனைக்கும் நீண்ட விவாதத்துக்கும் பிறகு 30.09.1892ல் அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலத்தின் தொடக்கம் இதுதான். முதல் 10 ஆண்டுகள் விற்கக்கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு மட்டுமே கைமாற வேண்டும். இந்த நிபந்தனைகளோடுதான் நிலம் ஒப்படைக்கப்பட்டது. இப்படிக் கொடுக்கப்பட்டது 12 லட்சம் ஏக்கர் என்று தலித் இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அதில் பெரும்பகுதி இன்று நம் கையில் இல்லை. 1994ல் செங்கல்பட்டு அருகே காரணையில் இந்த நிலத்தை மீட்கப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரை இழந்தார்கள்.

இனி மகாலின் கதைக்கு வருவோம். 2012 ஜனவரியில் கலச மகால் தீப்பிடித்து எரிந்தது. தீயை அணைக்கப் போன தீயணைப்பு அதிகாரி ஒருவர் இறந்தார். கூரை விழுந்து சுவர்கள் மட்டும் நின்ற கட்டிடத்தை இடித்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. கடைசியில் பொதுப்பணித் துறை பழைய முறையிலேயே சுண்ணாம்பு அரைத்து, மரச்சட்டங்கள் மேல் செங்கல் அடுக்கி மெட்ராஸ் டெரஸ் கூரை போட்டு அதை மீட்டது. இன்று அங்கே தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கிறது. ஹுமாயூன் மகாலும் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது.

புராதனக் கட்டிடத்தை மீட்பதற்கு ஒரு முறை உண்டு. பழைய ஆவணத்தைத் தேடி எடுப்பார்கள். பிற்காலத்தில் சேர்த்த தடுப்புகளையும் பூச்சுகளையும் அகற்றுவார்கள். மூல வடிவம் எதுவோ அதுவே அளவுகோல். இடையில் 50 வருடம் யார் அறை போட்டு உட்கார்ந்திருந்தார்கள் என்பது கணக்கில் வராது.

நிலத்துக்கும் இதே முறையைத்தான் நாம் கேட்கிறோம். மூல ஆவணம் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டில் இருக்கிறது. கிரயப் பத்திரம், யூ.டி.ஆர். பட்டா, கணினிச் சிட்டா எல்லாம் பிற்காலப் பூச்சு. அவற்றையே கடைசி வார்த்தையாகக் கொள்ள முடியாது என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. பெரியகுளம் வட்டம் வடவீரநாயக்கன்பட்டியில் 182 ஏக்கர் அரசு நிலம் தனியார் பெயர்களுக்குப் பட்டா மாறியது அம்பலமாகி, அலுவலர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள், சி.பி.சி.ஐ.டி. விசாரணையும் வந்தது. அரசின் நிலத்துக்கே இந்தக் கதி என்றால், 130 வருடத்துக்கு முன் நம் பாட்டன்மார் வாங்கிய நிலத்துக்கு என்ன பாதுகாப்பு?

படிக்கிற தோழர்கள் இந்த வேலையைக் கையில் எடுக்க வேண்டும். உங்கள் ஊரின் பழைய 'அ' பதிவேட்டை, தேவைப்பட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு வாங்குங்கள். நிபந்தனை ஒப்படை, டி.சி. நிலம் என்ற குறிப்பு எந்தெந்தப் புல எண்ணில் இருக்கிறது என்று பாருங்கள். இன்றைய சிட்டாவோடு ஒப்பிட்டு, பெயர் மாறிய இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தேனி மாவட்டம் பிறந்ததே 1996ல்தான். ஆகவே மதுரையிலும் தேட வேண்டியிருக்கும். சென்னையில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக வயலிலும் திராட்சைத் தோட்டத்திலும் நம் மக்கள் கூலிக்கு நிற்கிறார்கள். அந்த நிலங்களில் எது நம்முடையது என்று காகிதத்தோடு சொல்ல முடிந்தால், போராட்டத்தின் பாதியை அங்கேயே ஜெயித்துவிடுவோம்.