பொய்க் கணக்கு

பரீட்சைக்குப் பையன்களைத் தயார் செய்கிறவர்கள் ஒரு உபாயம் சொல்லிக் கொடுக்கிறார்கள். சதவிகிதக் கணக்கா? மூல எண்ணை 100 என்று வைத்துக்கொள். நாலு விடை கொடுத்திருக்கிறானா? எக்ஸ், ஒய் என்று எழுதிக்கொண்டிராமல், அவற்றில் ஒன்றைப் போட்டுப் பார். பெரியவர்கள் இதைப் படிப்பைக் கெடுக்க வந்த புது வித்தை என்கிறார்கள். கெடுக்கிறதா என்பது இருக்கட்டும். புதிது என்பது நிச்சயமாகத் தவறு.

எகிப்தில், ஏறக்குறைய கி.மு. 1550-ல், ஆமெஸ் என்ற எழுத்தர் நகலெடுத்த பாப்பிரஸ் சுருள் ஒன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதில் ஒரு கணக்கு: ஒரு தொகையும் அதன் காலும் சேர்ந்தால் 15, தொகை என்ன? ஆமெஸ் துணிந்து 4 என்று ஒரு பொய் சொல்கிறார். ஏன் 4? கால் எடுக்கச் சௌகரியம், அவ்வளவுதான். நாலும் ஒன்றும் ஐந்து. வேண்டியதோ 15, அதாவது மூன்று மடங்கு. பொய்யையும் மூன்றால் பெருக்கு; 12. தீர்ந்தது கணக்கு.

பாக்தாதில் அல்குவாரிஸ்மி அல்ஜீப்ராவுக்குப் பெயர் தந்த நூலை எழுதியது கி.பி. 9-ம் நூற்றாண்டில். ஆக, குறுக்கு வழி என்று நாம் சொல்வதுதான் பழைய ராஜபாட்டை.

அல்ஜீப்ரா நன்றாகத் தெரிந்தவர்களும் அதை விட்டுவிடவில்லை. 1150-ல் பாஸ்கராசாரியர் லீலாவதியில் இதற்கு இஷ்டகர்மம் என்றே பெயர் சொல்கிறார். தாமரைப் பூக்களில் மூன்றில் ஒன்று சிவனுக்கு, ஐந்தில் ஒன்று விஷ்ணுவுக்கு, ஆறில் ஒன்று சூரியனுக்கு, கால் பங்கு தேவிக்கு. மிச்சம் ஆறு பூ குருவுக்கு. மொத்தம் எத்தனை? நம் இஷ்டத்துக்கு 60 என்று வைத்துக்கொள்வோம். 20, 12, 10, 15 போக மிச்சம் 3. குருவுக்கு வேண்டியது 6. ஆகவே பூக்கள் 120.

என்னோடு படித்த பையன் ஒருவன் இந்த மாதிரி மனசுக்குள்ளேயே போட்டுச் சரியான விடை எழுதினான். வழி எங்கே என்று கேட்டுச் சுழி போட்டார் வாத்தியார். கேட்டது நியாயம், சுழிதான் அநியாயம். ஏன் கேட்க வேண்டுமென்றால், இந்தப் பொய் எல்லா இடத்திலும் பலிக்காது. ஒரு எண், அதன் பாதி, மேலே ஒரு 3. கூட்டினால் 18 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 என்று ஊகித்தால் 6 வருகிறது. 18 அதற்கு மூன்று மடங்கு. ஆகவே விடை 6 என்று எழுதினால் போச்சு! அந்த 3 எண்ணோடு சேர்ந்து வளர்வதில்லை. அது தெரியாத பையனுக்கு உபாயமே கண்ணி.

இதற்கும் பழையவர்கள் வழி வைத்திருந்தார்கள்: இரண்டு பொய். 2 என்றால் 6, பன்னிரண்டு குறைகிறது. 4 என்றால் 9, ஒன்பது குறைகிறது. இரண்டு கூட்டினால் குறை மூன்று தீர்கிறது. பன்னிரண்டும் தீர எட்டுக் கூட்ட வேண்டும். விடை 10. அரபு நாடுகளில் வழங்கிய இந்த முறைக்கு இத்தாலியரான பிபொனாச்சி 1202-ல் எழுதிய நூலில் ஒரு முழு அத்தியாயமே ஒதுக்கினார்.

1557-ல் சமக்குறியை அச்சில் கொண்டுவந்த ராபர்ட் ரெக்கார்டுக்கும் இதில் கொள்ளை ஆசை. கடினமான கணக்கைச் சொல்லிவிட்டு, பக்கத்தில் நிற்கும் குழந்தையையோ அசட்டையோ வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லச் சொல்லி, அதிலிருந்தே விடையை எடுத்து நண்பர்களைத் திகைக்க வைப்பாராம்.