தீயின் குடுமி

காலி எண்ணெய் டிரம் ஒன்று கிடைத்தால் அமெரிக்காவில் சில ஆசாமிகள் என்ன செய்வார்கள் தெரியுமா? உள்ளே இருக்கும் பூச்சை எரித்துச் சுரண்டி, அடிப்பக்கம் நாலு ஓட்டை போடுவார்கள். உள்ளே ஒரு கரிக்கூடை, அதற்கு மேலே கம்பி வலை, துளையுள்ள ஒரு மூடி... புகையடுப்பு ரெடி! மாட்டின் மார்புக்கறியை அதில் வைத்தால், சுமார் 110 டிகிரி செல்சியஸில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நிதானமாக வேக வேண்டும்.

வம்பே அந்த 110-ல்தான். கரியடுப்புக்கு ஏது திருகு? தீயின் குடுமி காற்றின் கையில்! அடி ஓட்டைகளில் ஒன்றை மட்டும் திறந்தால் கனல் அடங்கிக் கிடக்கும். நாலையும் திறந்தால் சீறும். 'வெந்துச்சா பார்ப்போமே' என்று மூடியைத் தூக்கினீர்களோ, போச்சு! காற்று குபுகுபுவெனப் புகுந்து கனல் கொழுந்துவிடும். மறுபடி அடக்குவதற்குள் பிராணன் போய்விடும். ஆகவே ராத்திரி பூரா தெர்மாமீட்டரைப் பார்த்தபடி, ஓட்டையை அடைத்துத் திறக்க ஒரு ஆள் தேவை.

அந்தக் காவலை அடுப்பே பார்த்துக்கொண்டால்? 400 வருடங்களுக்கு முன்பே ஒருவர் இப்படி யோசித்தார். பெயர் கார்னெலிஸ் ட்ரெபெல். 1572-ல் ஹாலந்தின் அல்க்மார் நகரில் பிறந்து, இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸிடம் போய்ச் சேர்ந்தவர். 1620 வாக்கில் தேம்ஸ் நதியில் நீர்மூழ்கிப் படகு விட்டாரே, அதே மனுஷன்! என்னைக் கேட்டால், படகைவிடப் பெரிய வேலை, கோழிமுட்டை பொரிக்க அவர் செய்த அடுப்புதான்.

முட்டைக்குச் சுமார் 38 டிகிரி வேண்டும், அதுவும் 21 நாட்கள். சூடு கொஞ்சம் அதிகமாக ஏறி அப்படியே நின்றால் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்துப்போகும். ட்ரெபெல் என்ன செய்தார் என்றால், முட்டைப் பெட்டியைச் சுற்றித் தண்ணீர் நிறைந்த உறை, அதற்குள் சாராயம் நிரப்பிய கண்ணாடிக் குழாய், குழாயின் மறுமுனையில் பாதரசம். கீழே கரி நெருப்பு. சூடு ஏறினால் சாராயம் விரியும், பாதரசத்தை உந்தும், பாதரசம் ஒரு கம்பியைத் தூக்கும், கம்பியோடு இணைந்த நெம்பு, மேலே புகை போகும் துவாரத்தை மூடும். பழைய புகை வெளியே போனால்தானே புதுக் காற்று உள்ளே வரும்? நெருப்பு அடங்கும். சூடு குறைந்தால் துவாரம் தானே திறக்கும். ஆள் வேண்டாம்!

இத்தனைக்கும் பிராணவாயு என்று ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. ப்ரீஸ்ட்லி அதைப் பிரித்தெடுத்ததே 1774-ல்தான்.

ஒரு எச்சரிக்கை: டிரம் வைத்திருப்பவர்கள் ட்ரெபெல் மாதிரி மேல் துவாரத்தை அடைக்கக் கூடாது. அங்கே புகை முட்டைப் பக்கமே போகாது. இங்கேயோ தேங்கிய புகை கறியில் படிந்து கசந்துவிடும். அடி ஓட்டைதான் கடிவாளம். இப்போது அந்த ஓட்டையில் மாட்ட, சென்சார் வைத்த குட்டி மின்விசிறிகள் விற்கிறார்கள். சாராயமும் பாதரசமும் பார்த்த அதே உத்தியோகம்!

ட்ரெபெலுக்கு இதில் காசு ஒன்றும் தேறவில்லை. கடைசிக் காலத்தில் லண்டனில் சாராயக்கடை நடத்தி, 1633-ல் கண்ணை மூடினார். பிற்பாடு அவர் மருமகன் குஃப்ளர் அடுப்புத் தொழிலில் இறங்கினார். டச்சு இளவரசரின் படைக்காக அவர் செய்த, தூக்கிப்போகக்கூடிய இரும்பு அடுப்புகளை 1666 ஆகஸ்டில் நேரில் பார்த்ததாக ஜான் ஈவ்லின் தன் டைரியில் எழுதி வைத்திருக்கிறார்.