‘உசாரில்லை’ என்ற முறைப்பாடு: தடுப்பூசிக்குப் பிந்திய நாய்ச் சோர்வு குறித்து ஒரு மறுவாசிப்பு

மிருக வைத்தியரிடம் போய்வந்த நாய் அன்று பின்னேரம் சுருண்டு கிடந்தால் யாழ்ப்பாணத்து வீடுகளில் எழும் பேச்சு இதுதான்: ‘ஊசி போட்டதிலயிருந்து நாய் உசாரில்லை.’ இதை வளர்ப்பவரின் வீண்பயமாகக் கொள்ளும் போக்கு ஒன்று கால்நடை மருத்துவ எழுத்தில் நிலைத்திருக்கிறது. தடுப்பூசியால் நாய் சோர்வது அரிது, ஆகவே முறைப்பாடு மிகை என்பது அதன் வாதம். அந்த ‘அரிது’க்குச் சான்றாக நிறுத்தப்படும் எண்ணையே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

10,000 நாய்களுக்கு 38.2 என்பது அந்த எண். ஜோர்ஜ் மூர் குழுவினர் 2005இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்விலிருந்து வருவது அது. 2002, 2003 ஆகிய இரு ஆண்டுகளில் 360 மருத்துவமனைகளில் தடுப்பூசி பெற்ற 1,226,159 நாய்களின் கணினிப் பதிவுகள் துழாவப்பட்டன; மூன்று நாளுக்குள் பாதகம் பதிவானவை 4,678. தரவின் பெறுமதியில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தேடப்பட்டவை எவை? ஒவ்வாமை, தோல் தடிப்பு, அனபிலக்சிஸ், வகை குறிப்பிடாத தடுப்பூசி எதிர்வினை என வைத்தியர் நிர்ணயித்து எழுதியவை. மாமர நிழலில் ஒரு பகல் முழுக்கக் கிடந்துவிட்டு மறுநாட் காலை எழும்பிச் சோறு தின்ற நாய் இந்தப் பட்டியலுக்குள் வருவது கடினம். அதைத் திரும்ப ஓட்டோ பிடித்து வைத்தியரிடம் கொண்டுபோகிறவர் யார்? 38.2 என்பது சோர்ந்த நாய்களின் கணக்கன்று. வைத்தியர் கண்ணில் பட்டுப் பெயர்பெற்ற பாதகங்களின் கணக்கு. பிழை ஆய்வில் இல்லை, அதை வாசித்தவர்களிடம் இருக்கிறது.

அதே ஆய்வில் இன்னொரு செய்தி உண்டு. ஒரே வருகையில் கூடுதலாகப் போடப்படும் ஒவ்வொரு தடுப்பூசிக்கும் பாதகத்தின் வாய்ப்பு, 10 கிலோவுக்கு மேற்படாத நாய்களில் 27 வீதமும் 12 கிலோவுக்கு மேற்பட்டவற்றில் 12 வீதமும் ஏறியது. பதிவாகும் அளவு கடுமையானவை ஊசியின் எண்ணிக்கையோடு ஏறுமெனில், பதிவாகாத மென்மையானவை ஏறாமலிருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. இது நிரூபணம் அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சோர்வு உடலின் தோல்வி என்ற எண்ணமும் ‘அரிது’ என்ற அந்த வாசிப்புக்குத் துணைபோகிறது. நோயுற்ற விலங்கின் தூக்கமும் உணவு மறுப்பும் காய்ச்சலுக்கு வேண்டிய சக்தியைச் சேமிக்கும் ஏற்பாடு என்று பெஞ்சமின் ஹார்ட் 1988இலேயே வாதிட்டார். தடுப்பூசி அதே பாதையைச் சிறிய அளவில் தூண்டுகிறது. இன்டர்லூக்கின்-1 போன்ற சேதிப் புரதங்கள் மூளையை எட்டும்போது நாய் படுத்துவிடுகிறது. இதற்குமேல் பயணக் களைப்பும் உண்டு. வளவுக்கு வெளியே போயறியாத நாய்க்கு ஓட்டோவின் இரைச்சலும் அந்நிய நாய்களின் மணமும் சேர்ந்து ஒரு நாட் பயத்தைக் கொடுக்கும். இரண்டையும் பிரித்தறிய வீட்டில் வழியில்லை, அவசியமும் இல்லை.

வளர்ப்பவர்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்ற ஆட்சேபத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. ‘உசார்’ இங்கே ஒரு தெளிவான அளவுகோல்: படலை திறபடும் சத்தத்துக்கு நாய் எழும்புகிறதா, இல்லையா. ‘சாப்பிட்டதா?’ என்ற வைத்தியக் கேள்வியைவிட இது கூர்மையானது என்பேன்.

வளர்ப்பவர் பிழைவிடும் இடம் வேறு. சோர்வு இரண்டு நாளைத் தாண்டினால் ஊசியை விட்டு உண்ணியைப் பார்க்க வேண்டும். உண்ணி கடத்தும் பபேசியா கிப்சோனி என்ற இரத்த ஒட்டுண்ணி இத்தீவின் நாய்களில் உண்டு. வெளியே குறி காட்டாமல் அதைச் சுமக்கும் நாய்களும் உண்டு. ஊசி போட்ட அன்று அது ஏற்கெனவே இரத்தத்தில் இருந்திருக்கலாம். நாயை ஊன்றிப் பார்த்த நாள் அதுவாகையால் சோர்வின் தொடக்கமும் அதுவாகிவிடுகிறது. முரசு வெளிறி, மூத்திரம் கறுத்திருந்தால் இரத்தப் பூச்சைக் கண்ணாடித் தட்டில் பார்க்காமல் விடமுடியாது. ‘அது வீண்பயம்’ என்று திருப்பியனுப்பப்படும் நாய்களுள் இப்படியான நாயும் ஒன்றாக இருக்கலாம்.